செயலி வெப்பநிலை அளவீடுகள் கண்காணிப்பு மென்பொருள்களிடையே வேறுபடுவது ஏன்?

ஆய்வுச்சுருக்கம்

ஒரே கணினியில் ஒரே நேரத்தில் இயங்கும் இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் செயலியின் வெப்பநிலையை வெவ்வேறு எண்களாகக் காட்டுவது பரவலாகக் காணப்படும் நிகழ்வு. இவ்வேறுபாடு சில செயலிகளில் 20 டிகிரி செல்சியஸுக்கும் மேற்படுவது உண்டு. உணரியோ மென்பொருளோ பழுதுபட்டிருப்பதாகக் கருதி ஓர் எண்ணை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது பொதுவான வழக்கம். உணரி அமைந்துள்ள இடம், உணரி தரும் எண்ணின் பொருள், அவ்வெண்ணை வெப்பநிலையாக மாற்ற மென்பொருள் எடுத்துக்கொள்ளும் மாறிலி, வாசிப்பு நிகழும் காலம் ஆகிய நான்கு நிலைகளில் வேறுபாடு தோன்றுவதை இக்கட்டுரை இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் செயலிகளைச் சான்றாகக் கொண்டு விளக்குகிறது. எவ்வகை வேறுபாடு ஆய்வு முடிவைப் பாதிக்கும், எவ்வகை வேறுபாடு கழித்தலில் நீங்கிவிடும் என்பதைப் பிரித்துக் காட்டி, வெப்பநிலைத் தரவை ஆய்வேட்டில் பதிவு செய்வதற்கான நெறிகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: செயலி, உள்ளகம், வெப்பநிலை உணரி, அளவுத்திருத்தம், கண்காணிப்பு மென்பொருள், அளவீட்டுப் பிழை.

1. முன்னுரை

பெருந்தரவுகளைக் கையாளும் ஆய்வு இன்று கணினியியல் துறையோடு நின்றுவிடவில்லை. மொழியியல், வேதியியல், வானிலையியல், பொருளியல் எனப் பல துறைகளில் ஒரு கணிப்பணி நாள்கணக்கில் இடைவிடாது இயங்குகிறது. அத்தகைய நீண்ட இயக்கத்தில் செயலியின் வெப்பநிலை இரண்டு வகையில் ஆய்வாளருக்குத் தேவைப்படுகிறது. முதலாவது இயந்திரத்தின் பாதுகாப்பு. இயக்கத்தை நிறுத்துவதா, குளிர்விப்பு அமைப்பை மாற்றுவதா என்னும் முடிவு திரையில் தெரியும் எண்ணைப் பொறுத்தே எடுக்கப்படுகிறது. இரண்டாவது ஆய்வுத் தரவு. இரண்டு நெறிமுறைகளின் ஆற்றல் நுகர்வை ஒப்பிடும்போதும், இரண்டு குளிர்விப்பு முறைகளை ஒப்பிடும்போதும் அந்த எண் அட்டவணையில் இடம்பெற்று முடிவுரைக்கு அடிப்படையாகிவிடுகிறது.

இந்நிலையில் ஒரு மென்பொருள் 58 என்றும் மற்றொன்று 78 என்றும் காட்டினால், எதை எழுதுவது என்ற வினா எழுகிறது. இரண்டின் சராசரியை எடுப்பதும், மிகுதியானோர் பயன்படுத்தும் மென்பொருளைத் தெரிவு செய்வதும் விடையாகா. அவ்விரு எண்களும் எவ்வாறு உருவாயின என்பதை அறிந்தால்தான் அவை ஒப்பிடத்தக்கவையா என்பதே தெரியவரும். அந்த உருவாக்க முறையை உணரியிலிருந்து திரைவரை படிப்படியாகப் பின்தொடர்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. எந்த இடத்தின் வெப்பநிலை?

'கணினி சூடாகிவிட்டது' என்னும் பேச்சு வழக்கில் வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றாகிவிடுகின்றன. இயற்பியலில் வெப்பம் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பாயும் ஆற்றல். வெப்பநிலை என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தின் நிலை. ஆகவே 'செயலியின் வெப்பநிலை' என்னும் தொடர், செயலியின் எந்த இடம் என்று சொல்லாதவரை முழுமை பெறாது.

செயலியில் தோன்றும் வெப்பம் சிலிக்கன் சில்லில் உள்ள டிரான்சிஸ்டர்களில் பிறந்து, சில்லை மூடியுள்ள உலோக மூடி, அதன் மேல் பூசப்படும் பசை, ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகடுத் தொகுதி ஆகியவற்றைக் கடந்து காற்றை அடைகிறது. வெப்பம் பாய வேண்டுமாயின் வெப்பநிலை வேறுபாடு இருந்தாக வேண்டும். எனவே இப்பாதையின் ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பநிலை இறங்கிக்கொண்டே செல்லும். சில்லுக்கும் உலோக மூடிக்கும் இடையிலான வெப்பத்தடை ஒரு வாட்டுக்கு 0.2 டிகிரி எனக் கொண்டால், 100 வாட் திறன் நுகரப்படும்போது மூடியைவிடச் சில்லு 20 டிகிரி மிகுந்த வெப்பநிலையில் இருக்கும். இதில் எந்தப் பிழையும் இல்லை. இரண்டு இடங்களுக்கு இரண்டு வெப்பநிலைகள். சில்லின் உள்ளேயும் வெப்பநிலை சீராக இருப்பதில்லை. மிதவைப்புள்ளி எண்களைக் கணிக்கும் பகுதி முழுச் சுமையில் இயங்குகையில் அதன் அருகிலுள்ள உணரி ஓர் எண்ணையும், தற்காலிக நினைவகத்தை ஒட்டியுள்ள உணரி அதனினும் குறைந்த எண்ணையும் தரும்.

இவ்வேறுபாட்டை அறியாமையால் நேரும் ஒரு தவறான ஒப்பீட்டைச் சுட்டலாம். 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ7-2600கே செயலியின் விவரப் பட்டியலில் மேல்வரம்பு வெப்பநிலை 72.6 டிகிரி எனக் குறிக்கப்பட்டது. இது உலோக மூடியின் மையத்தில் பள்ளம் வெட்டி, அதில் வெப்ப மின்னிரட்டையைப் பொருத்தி ஆய்வகத்தில் அளக்கத்தக்க வெப்பநிலை. கண்காணிப்பு மென்பொருள் காட்டுவதோ சில்லினுள் இருக்கும் உள்ளகத்தின் வெப்பநிலை. அதற்குரிய எல்லை அதே செயலியில் 98 டிகிரி. உள்ளகம் 80 டிகிரி எனக் காட்டும்போது 72.6 என்னும் எண்ணைப் பக்கத்தில் வைத்து, செயலி வரம்பு மீறிவிட்டதாக முடிவு செய்வது ஓர் ஊரின் மழையளவை மற்றோர் ஊரின் ஏரிக் கொள்ளளவோடு ஒப்பிடுவதைப் போன்றது.

'உள்ளகம்', 'தொகுதி' என மென்பொருள்கள் தரும் பெயர்களும் இவ்வாறே வெவ்வேறு இடங்களைக் குறிக்கின்றன. உள்ளகம் என்பது அந்தந்த உள்ளகத்தின் உணரி. தொகுதி என்பது சில்லின் எல்லாப் பகுதிகளிலும் உள்ள உணரிகளில் மிக உயர்ந்த மதிப்பு. ஒரு மென்பொருள் உள்ளகங்களின் சராசரியையும் மற்றொன்று தொகுதியின் உச்சத்தையும் 'செயலி வெப்பநிலை' என்ற ஒரே பெயரில் காட்டினால், வேறுபாடு தோன்றாமல் இருப்பதுதான் வியப்பு.

3. மின்னழுத்தத்திலிருந்து எண் வரை

செயலியினுள் வெப்பநிலையை நேரடியாக அளக்கும் பொருள் ஏதும் இல்லை. வெப்பநிலைக்கேற்ப மாறும் மின்பண்பு ஒன்றே அளக்கப்படுகிறது. பென்டியம் 3 காலச் சில்லுகளில் இதற்கென ஒரு டையோடு அமைக்கப்பட்டு, அதன் இரு முனைகளும் வெளியே கொண்டுவரப்பட்டன. தாய்ப்பலகையிலுள்ள மற்றொரு சில்லு அந்த டையோடின் வழியே இரண்டு வெவ்வேறு மின்னோட்டங்களைச் செலுத்தி, கிடைக்கும் மின்னழுத்தங்களின் வேறுபாட்டிலிருந்து வெப்பநிலையைக் கணித்தது.

இம்முறையில் மின்னழுத்த வேறுபாடு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்த்தகவில் அமையும். மின்னோட்டங்களின் விகிதம் 10 எனில், ஒரு டிகிரி மாற்றத்துக்குக் கிடைக்கும் வேறுபாடு ஏறத்தாழ 198 மைக்ரோவோல்ட் மட்டுமே. இவ்வளவு நுண்ணிய குறிகையில், இணைப்புக் கம்பியின் மின்தடை கூட அளவீட்டில் கலந்துவிடும். மேலும் இக்கணக்கீட்டில் டையோடின் 'இலட்சியக் காரணி' என்னும் எண் இடம்பெறுகிறது. முழுமையான டையோடுக்கு அது 1. உண்மையான டையோடுக்கு 1.008 போன்ற மதிப்பு. தாய்ப்பலகைச் சில்லு அதனை 1 எனக் கொண்டு கணித்தால் 0.8 விழுக்காடு பிழை நேரும். இது சிறிய பிழையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு கெல்வினில் நிகழ்வதால், 77 டிகிரி செல்சியஸில், அதாவது 350 கெல்வினில், 0.8 விழுக்காடு என்பது 2.8 டிகிரியாகிவிடுகிறது. உணரி பழுதற்றது, மென்பொருளும் பழுதற்றது, இடையில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒரு மாறிலியே வேறுபாட்டை உண்டாக்குகிறது.

4. இன்டெல் செயலிகள்: எல்லையிலிருந்து எண்ணுதல்

2006 முதல் வந்த இன்டெல் கோர் வரிசைச் செயலிகளில் ஒவ்வோர் உள்ளகத்திலும் எண்முறை வெப்ப உணரி அமைக்கப்பட்டது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பணி சில்லின் உள்ளேயே முடிந்து, விடை ஒரு பதிவகத்தில் எழுதப்படுகிறது. இவ்விடை வெப்பநிலை அன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை வெப்பநிலை ஒன்று உண்டு. அந்த எல்லையை எட்ட இன்னும் எத்தனை டிகிரி உள்ளது என்பதையே பதிவகம் கூறுகிறது. ஏழு இருமக் குறிகளில் எழுதப்படும் இவ்வெண் பூச்சியத்தை அடைந்தால் எல்லை எட்டப்பட்டது என்று பொருள்.

மென்பொருள் இவ்வெண்ணை எல்லை மதிப்பிலிருந்து கழித்துத் திரையில் காட்டுகிறது. பதிவகத்தில் 52 எனவும் எல்லை 100 எனவும் இருந்தால் திரையில் 48 தோன்றும். ஆகவே எல்லை மதிப்பை மென்பொருள் எங்கிருந்து பெறுகிறது என்பது முதன்மையான வினாவாகிறது. 2008-இல் வெளிவந்த நெஹேலம் வடிவமைப்பு முதல் இம்மதிப்பைச் செயலியின் மற்றொரு பதிவகத்திலிருந்தே வாசிக்க முடிகிறது. அதற்கு முந்தைய கோர் 2 மேசைக்கணினிச் செயலிகளில் அவ்வசதி இல்லை. நிறுவனமும் தொடக்கத்தில் அம்மதிப்பை வெளியிடவில்லை. மென்பொருள் எழுதியோர் தத்தம் சோதனைகளைக் கொண்டு ஊகித்தனர். 45 நானோமீட்டர் செயலிகள் சிலவற்றுக்கு ஒரு சாரார் 105 என்றும் மற்றொரு சாரார் 95 என்றும் கொண்டனர். 2008-இல் இன்டெல் அவற்றுக்கான இலக்கு மதிப்பை 100 என வெளியிட்ட பிறகே குழப்பம் தணிந்தது. மேலே கண்ட 52 என்னும் ஒரே பதிவக எண், முதல் ஊகத்தில் 53 டிகிரி. இரண்டாம் ஊகத்தில் 43 டிகிரி. உணரியும் ஒன்று, கணமும் ஒன்று, வேறுபாடு 10 டிகிரி. லினக்ஸ் கர்னலில் இன்டெல் உணரிகளை வாசிக்கும் இயக்கி நிரலில், எல்லை மதிப்பைப் பயனர் தாமே தரும் ஏற்பாடு இன்றும் இருப்பது அக்காலத்தின் எச்சமாகும்.

எல்லை மதிப்பு சரியாக அமைந்தாலும் மற்றொரு சிக்கல் எஞ்சுகிறது. இவ்வுணரியின் முதற்பணி செயலியைக் காப்பது. எனவே எல்லையை ஒட்டிய உயர் வெப்பநிலையில் துல்லியமாக இருக்குமாறு அதன் அளவுத்திருத்தம் செய்யப்படுகிறது. எல்லையிலிருந்து விலக விலகத் துல்லியத்தன்மை குறைகிறது. 45 நானோமீட்டர் செயலிகள் சிலவற்றில், கணினி பணியின்றி இருக்கும்போது உணரி ஓர் எண்ணிலேயே அசையாமல் நின்றுவிடுவதும் காணப்பட்டது. சாதாரண விசிறியால் குளிர்விக்கப்படும் செயலி அறை வெப்பநிலையைவிடக் குறைந்த வெப்பநிலையை அடைய இயலாது. திரையில் அத்தகைய எண் தோன்றினால், அது அளவுத்திருத்தத்தின் எல்லையைக் காட்டுகிறதே தவிர, குளிர்விப்பின் சிறப்பைக் காட்டவில்லை.

5. ஏ.எம்.டி. செயலிகள்: கட்டுப்பாட்டு மதிப்பு

ஏ.எம்.டி. செயலிகளில் வேறுபாடு மற்றொரு வழியில் நுழைகிறது. இச்செயலிகள் விசிறியின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்கென ஒரு மதிப்பை வெளியிடுகின்றன. இக்கட்டுப்பாட்டு மதிப்பு டிகிரி அலகில் அமைந்திருந்தாலும் அது இயற்பியல் வெப்பநிலையாக இருக்க வேண்டியதில்லை என்று லினக்ஸ் கர்னலின் ஆவணம் தெளிவாகவே எச்சரிக்கிறது.

2017 மார்ச்சில் ரைசன் 7 செயலிகள் வெளிவந்தபோது இவ்வெச்சரிக்கையின் பொருள் பலருக்கும் விளங்கியது. 1800எக்ஸ், 1700எக்ஸ் ஆகிய இரு செயலிகளும் ஒரே பணிச்சுமையில் 1700 செயலியைவிட மிக உயர்ந்த வெப்பநிலையைக் காட்டின. அவ்விரண்டிலும் கட்டுப்பாட்டு மதிப்பு, சில்லின் வெப்பநிலையோடு 20 டிகிரி கூட்டப்பட்டது என்றும், 1700-இல் அக்கூட்டல் இல்லை என்றும் ஏ.எம்.டி. விளக்கமளித்தது. ஒரே வகைத் தாய்ப்பலகையில் பொருத்தப்படும் வெவ்வேறு செயலிகளுக்கு ஒரே விசிறிக் கட்டுப்பாட்டு நெறி பொருந்த வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பின்னர் வந்த 2700எக்ஸ் செயலியில் இக்கூட்டல் 10 டிகிரி. திரெட்ரிப்பர் 1950எக்ஸ் செயலியில் 27 டிகிரி.

முன்னுரையில் கண்ட 58, 78 என்னும் எண்களின் முரண்பாடு இங்குத் தீர்கிறது. செயலியின் பெயரை அறிந்து 20-ஐக் கழித்துக் காட்டும் மென்பொருள் 58 என்கிறது. பதிவகத்தில் உள்ளதை உள்ளபடி காட்டும் மென்பொருள் 78 என்கிறது. முன்னது சில்லின் வெப்பநிலை. பின்னது விசிறிக்கு இடப்படும் கட்டளையின் அடிப்படை. பழைய பதிப்பு மென்பொருளின் அட்டவணையில் புதிய செயலியின் பெயர் இல்லாவிட்டால், அது கழித்தலைச் செய்யாது. அதனால் மென்பொருளின் பதிப்பு எண்ணும் அளவீட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

2019-இல் வந்த ரைசன் 3000 வரிசை முதல் மேசைக்கணினிச் செயலி ஒரே சில்லாக இல்லாமல், உள்ளகங்களைக் கொண்ட சிறுசில்லுகளும் உள்ளீடு வெளியீட்டுச் சிறுசில்லும் சேர்ந்த தொகுதியாக மாறியது. உள்ளகச் சிறுசில்லுகளுக்குத் தனித்தனி வெப்பநிலை மதிப்புகள் கிடைக்கின்றன. இவற்றோடு கட்டுப்பாட்டு மதிப்பும் சேர, ஒரே செயலிக்கு மூன்று எண்கள் வரை அடுத்தடுத்துத் தோன்றும். அவற்றுள் ஒன்றைப் பெயர் சுட்டாமல் எழுதுவது தரவைப் பாதி எழுதுவதாகும்.

6. தாய்ப்பலகை தரும் எண்கள்

செயலியின் பதிவகங்களை வாசிக்காமலே வெப்பநிலை காட்டும் வழிகளும் உள்ளன. தாய்ப்பலகையில் விசிறி வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கண்காணிக்கும் சில்லு ஒன்று உண்டு, நுவோட்டான், ஐ.டி.இ. போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. பழைய பலகைகளில் இச்சில்லு, செயலி பொருத்தப்படும் சாக்கெட்டின் அடியில் வைக்கப்பட்ட தெர்மிஸ்டரை வாசித்தது. அது செயலிக்கு வெளியே இருந்ததால், எண் குறைவாகவும், மாற்றம் தாமதமாகவும் தெரிந்தது. புதிய பலகைகளில் இன்டெல் செயலியிலிருந்து ஒற்றைக் கம்பி இணைப்பு வழியே எண்முறை மதிப்பு வருகிறது. அதுவும் எல்லையிலிருந்து எத்தனை டிகிரி கீழே என்னும் எதிர்மறை எண்தான். அதோடு எந்த மதிப்பைக் கூட்டுவது என்பதைப் பலகையின் நிலைப்பொருள் தீர்மானிக்கிறது. பயாஸ் திரையில் தெரியும் எண்ணும் இயங்குதளத்தில் தெரியும் எண்ணும் வேறுபடுவதற்கு இது ஒரு காரணம். பயாஸ் திரையில் இருக்கும்போது இயங்குதளத்தின் ஆற்றல் சேமிப்பு நிலைகள் செயற்படாமையால் செயலி முழு ஓய்வு கொள்வதில்லை என்பது மற்றொரு காரணம்.

இச்சில்லின் உள்ளீட்டு முனைகளில் சில, பலகையில் எதனோடும் இணைக்கப்படாமல் விடப்பட்டிருக்கும். அம்முனைகளுக்கும் மென்பொருள் ஓர் எண்ணைக் காட்டும். 127 டிகிரி போன்ற அச்சுறுத்தும் எண்கள் இவ்வாறு தோன்றுபவையே. மேலும் இச்சில்லை வாசிக்க, முதலில் எந்தப் பதிவகம் என்று ஒரு முகவரியில் எழுதி, பிறகு விடையை மற்றொரு முகவரியில் வாசிக்க வேண்டும். இரண்டு மென்பொருள்கள் ஒருசேர இயங்கும்போது, ஒன்று எழுதிய பின் மற்றொன்று குறுக்கிட்டு எழுதிவிட்டால், முதல் மென்பொருள் வேறொரு பதிவகத்தின் விடையை வெப்பநிலையாகக் கொள்ளும். ஒப்பிடுவதற்காக இரண்டு மென்பொருள்களை ஒன்றாக இயக்குவதே பொய்யான எண்ணை உண்டாக்கக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

ஏ.சி.பி.ஐ. என்னும் தரநெறிப்படி நிலைப்பொருள் இயங்குதளத்துக்குத் தரும் 'வெப்ப மண்டல' மதிப்பு மற்றொரு வழி. இது கெல்வினின் பத்தில் ஒரு பங்கு அலகில் அமைகிறது. லினக்ஸ் அதனைச் செல்சியஸின் ஆயிரத்தில் ஒரு பங்காக மாற்றித் தருகிறது. மேசைக்கணினிகள் பலவற்றில் இது பணிச்சுமை எவ்வளவு மாறினும் 27.8 டிகிரி என்றே நிற்கும். 27.8-ஐக் கெல்வினாக மாற்றினால் முழுமையாக 301 கிடைக்கிறது. நிலைப்பொருளில் நிலையாக எழுதிவைக்கப்பட்ட ஓர் எண்ணே வெப்பநிலையின் கோலத்தில் திரைக்கு வருகிறது. இவ்வழியை மட்டும் நம்பி எழுதப்பட்ட சிறு நிரல்களை ஆய்வாளர்கள் தம் தரவுத் திரட்டலில் பயன்படுத்தும்போது தனிக் கவனம் தேவை.

7. எந்தக் கணத்தின் வெப்பநிலை?

இடமும் மாறிலியும் ஒன்றாக அமைந்த பிறகும் காலம் வேறுபடலாம். ஹீட் சிங்கின் வெப்பநிலை மாற நிமிடங்கள் ஆகும்; சில்லின் சிறுபகுதி ஒன்றின் வெப்பநிலை மில்லிநொடிகளில் மாறிவிடும். கண்காணிப்பு மென்பொருள்களோ பொதுவாக ஒன்று அல்லது இரண்டு நொடிக்கு ஒருமுறையே வாசிக்கின்றன.

எடுத்துக்காட்டாக, ஓர் உள்ளகம் ஒவ்வொரு நொடியிலும் 0.2 நொடி மட்டும் பணி செய்து 65 டிகிரியிலும், மீதி 0.8 நொடி ஓய்ந்து 45 டிகிரியிலும் இருப்பதாகக் கொள்வோம். நொடிக்கொருமுறை வாசிக்கும் மென்பொருள், தான் வாசிக்கும் கணத்தைப் பொறுத்து 45 அல்லது 65 என்னும். நொடியின் உச்சத்தைக் காட்டும் மென்பொருள் 65 என்னும். நொடியின் சராசரியைக் காட்டும் மென்பொருள் 49 என்னும். மூன்றும் சரியான விடைகளே; வினாக்கள்தாம் வேறு.

அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளை மாற்றுவதும் இங்கு நிகழ்கிறது. ஓர் உள்ளகத்தின் பதிவகத்தை வாசிக்க அவ்வுள்ளகமே விழித்திருக்க வேண்டும். அடிக்கடி வாசிக்கும் மென்பொருள், உறங்கும் உள்ளகங்களை எழுப்பிக்கொண்டே இருப்பதால் செயலி உண்மையான ஓய்வுநிலையை அடைவதில்லை. ரைசன் 3000 செயலிகள் பணியின்றி இருக்கும்போதும் உயர்ந்த மின்னழுத்தம் காட்டுவதாக எழுந்த முறையீடுகளுக்கு 2019-இல் ஏ.எம்.டி. அளித்த விளக்கத்தில் இதுவே முதன்மை இடம் பெற்றது. ஓய்வுநிலை வெப்பநிலையை நுட்பமாக அறிய வாசிப்பு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போவது, அறிய விரும்பிய நிலையையே இல்லாமல் செய்துவிடும்.

8. வேறுபாடுகளின் வகைப்பாடு

இதுவரை கண்டவற்றை ஆய்வு நோக்கில் நான்காக வகுக்கலாம்.

முதலாவது, இட வேறுபாடு. உள்ளகம், தொகுதி, உலோக மூடி, சாக்கெட் ஆகியவற்றின் மதிப்புகள் வேறுபடுவது பிழையே அன்று. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் பிழை.

இரண்டாவது, நிலையான கூட்டல் கழித்தல். இன்டெல் எல்லை மதிப்பைத் தவறாகக் கொள்வதும், ஏ.எம்.டி. கட்டுப்பாட்டு மதிப்பை வெப்பநிலையாகக் கொள்வதும் இதில் அடங்கும். இது முறையான பிழை. எல்லா வாசிப்புகளிலும் ஒரே அளவில் இருக்கும். ஆகவே ஒரே மென்பொருளால் எடுத்த இரண்டு வாசிப்புகளைக் கழிக்கும்போது நீங்கிவிடும். எல்லை 100 எனக் கொண்டாலும் 105 எனக் கொண்டாலும், பதிவக எண் 30-லிருந்து 42 ஆனால் வெப்பநிலை 12 டிகிரி குறைந்தது என்பதில் மாற்றமில்லை. ஆனால் முதல் வாசிப்பை ஒரு மென்பொருளிலும் இரண்டாம் வாசிப்பை மற்றொன்றிலும் எடுத்தால், இல்லாத 5 டிகிரி முன்னேற்றமோ பின்னடைவோ ஆய்வு முடிவாகப் பதிவாகிவிடும்.

மூன்றாவது, சரிவுப் பிழை. டையோடின் இலட்சியக் காரணியும், எல்லையிலிருந்து விலகும்போது குறையும் துல்லியத்தன்மையும் இவ்வகை. வெப்பநிலைக்கேற்ப அளவு மாறுவதால் கழித்தலில் இது முழுமையாக நீங்காது. ஓய்வுநிலைக்கும் முழுச்சுமைக்கும் இடையிலான ஏற்றத்தைப் பேசும் ஆய்வுகள் இப்பிழைக்கு மிகுதியும் ஆளாகும்.

நான்காவது, கால வேறுபாடு. வாசிப்புக் கணம் பற்றிய இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒழுங்கற்ற பிழையாக அமையும். வாசிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சராசரி காண்பதால் குறையும். உச்சத்தைக் காட்டும் மென்பொருளும் சராசரியைக் காட்டும் மென்பொருளும் கலந்துவிட்டால் இதுவும் முறையான பிழையாக மாறிவிடும்.

9. ஆய்வாளர் கைக்கொள்ளத்தக்க நெறிகள்

வெப்பநிலையை எண்ணாக மட்டும் எழுதாமல், செயலியின் முழுப் பெயர், வாசிக்கப்பட்ட உணரியின் பெயர், மென்பொருளும் அதன் பதிப்பும், எடுத்துக்கொள்ளப்பட்ட எல்லை அல்லது கூட்டல் மதிப்பு, வாசிப்பு இடைவெளி, அறை வெப்பநிலை ஆகியவற்றையும் உடன் எழுதுதல் வேண்டும். இவை இருந்தால் பின்னர் வரும் ஆய்வாளர் தம் எண்ணோடு இதனை ஒப்பிட இயலும். இல்லையேல் அவ்வெண் அந்த ஆய்வேட்டோடு நின்றுவிடும்.

ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பைப் பயன்படுத்துதல் வேண்டும். இடையில் பதிப்பு மாறினால் முதல் வாசிப்புகளையும் மீண்டும் எடுத்தல் வேண்டும். ஒப்பீட்டுக்காக வேறொரு மென்பொருளை இயக்க நேர்ந்தால், ஒன்றை நிறுத்திய பின்னரே மற்றொன்றைத் தொடங்குதல் நன்று.

பாதுகாப்பு பற்றிய முடிவுகளுக்கு வெப்பநிலையைவிட எல்லைக்கு எஞ்சியுள்ள இடைவெளி நம்பத்தக்கது. இன்டெல் செயலிகளில் அது பதிவகத்திலிருந்து நேரே கிடைக்கிறது. ஊகம் ஏதும் கலப்பதில்லை. எல்லையை நெருங்கும்போது அதன் துல்லியமும் கூடுகிறது. செயலி தன் வேகத்தைக் குறைப்பதும் இதனைக் கொண்டுதான்; திரையில் மென்பொருள் காட்டும் எண் செயலிக்குத் தெரியாது. வெப்பத்தால் வேகம் குறைக்கப்பட்ட தடவைகளின் எண்ணிக்கையை லினக்ஸ் இன்டெல் செயலிகளில் ஒவ்வோர் உள்ளகத்துக்கும் தனித்தனியே பதிந்து வைக்கிறது. கணிப்பணி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும் அவ்வெண்ணிக்கையைக் குறித்துக்கொண்டால், வெப்பம் அப்பணியின் கால அளவைப் பாதித்ததா என்னும் வினாவுக்கு ஐயமற்ற விடை கிடைக்கும்.

10. முடிவுரை

திரையில் தெரியும் செயலி வெப்பநிலை, உணரியின் நேரடி வாக்குமூலம் அன்று. இன்டெல் செயலியில் அது எல்லையிலிருந்து கழித்துப் பெற்ற எண், ஏ.எம்.டி. செயலியில் கூட்டலை நீக்கியோ நீக்காமலோ தரப்பட்ட எண். தாய்ப்பலகையில் நிலைப்பொருளின் தீர்மானத்துக்கு உட்பட்ட எண். எனவே மென்பொருள்களிடையே காணும் வேறுபாட்டைக் கண்டதும் எதைத் தள்ளுவது என்று தேடுவதைவிட, ஒவ்வோர் எண்ணும் எந்த இடத்தை, எந்த மாறிலியைக் கொண்டு, எந்தக் கணத்தில் கூறுகிறது என்று வினவுவதே முறை. பெரும்பாலான முரண்பாடுகள் அவ்வினாவிலேயே தீர்ந்துவிடுகின்றன.

நிலையான கூட்டல் பிழை ஒரே மென்பொருளுக்குள் நீங்கிவிடுவதும், மென்பொருள் மாறும்போது அதுவே பொய் முடிவாக உருவெடுப்பதும் இக்கட்டுரையின் வழி தெளிவாகின்றன. வெப்பநிலை மதிப்புகளை வெளியிடும் ஆய்வேடுகள் உணரி, மென்பொருள், மாறிலி, இடைவெளி ஆகிய நான்கையும் அட்டவணைத் தலைப்பிலேயே குறிப்பிடும் வழக்கம் வேரூன்றினால், வெவ்வேறு ஆய்வகங்களின் முடிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் வாய்ப்பு உருவாகும்.